பைக்குள் எரிந்த நீல விளக்கு

ஊசியக்காவிடம் குத்துப்படாத கை அந்த வட்டாரத்தில் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். நரம்பே தெரியாத குண்டுக் கை, தொடுவதற்கு முன்பே அலறும் குழந்தைக் கை, ஊசியைக் கண்டதும் சுருண்டு விழும் பயில்வான் கை என்று எல்லாக் கையும் பார்த்தாயிற்று. ஒரு யானையைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்த்தினாலும், "மூச்சை இழுங்க, அந்தக் காலண்டரைப் பாருங்க" என்று சொல்லி, அது தேதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குப்பி எடுத்துப் பஞ்சும் ஒட்டி அனுப்பிவிடுவாள். இதில் மிகை ஒன்றும் இல்லை. யானைக்குத் தகுந்த நாற்காலிதான் அங்கே இல்லை.

அப்படிப்பட்டவள் நாற்பத்தாறாம் வயதில் அடிதடியில் இறங்கினாள்.

அவளுடைய மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது துணிமணியை எல்லாம் எடுத்துக்கொண்டவள், டிவியோடு சேர்த்து ஆடும் கேம் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். ஊசியக்காவுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கினால் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். வீட்டுக்காரர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். வெயில் தாழ்ந்துதான் வீடு திரும்புவார். ஒரு மத்தியானம் தூசி தட்டப்போனவள் பெட்டியின் பொத்தானையும் தட்டிவிட்டாள். டிவியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூச்சு வாங்கினார்கள். என்னவோ அமுக்கினாள். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன் பாய்ந்து வந்து அவள் ஆளை உதைத்து மூலையில் தள்ளினான். மறுபடி அமுக்கினாள், மறுபடி உதைத்தான். நாற்பது தடவை. சொந்தப் புருஷன்கூட ஒரு சொல் அதட்டியதில்லை, எவனோ ஒரு பொம்மை நாற்பது தடவை உதைப்பதா!

மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனை எப்படி அடிக்கிறது?"

"எந்தச் சட்டைக்காரன்? அம்மா, யாரோட சண்டை போட்ட? அப்பா எங்க?"

"அப்பா எதுக்கு நடுவுல? உன் பெட்டிக்குள்ள இருக்கானே, அவன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு மகள் சொல்லிக்கொடுத்தாள். அவன் குதிக்கும்போது தடுக்கவேண்டும்; இறங்கிய கணத்தில் அடிக்கவேண்டும். முடிவில் குரலைத் தாழ்த்தி, "அம்மா, என் ஃப்ரண்ட்ஸ் யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

அன்றிலிருந்து ஊசியக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் ஆட உட்கார்ந்தாள். சர்க்கரை நோயாளி கதவுக்குப் பின்னால் நின்று மிட்டாய் தின்பதுபோல ஒரு குறுகுறுப்பு. எதிர்வீட்டுக்காரி மணி அடித்தால் டிவியை அணைத்துவிட்டுக் கையில் துடைப்பத்தோடு போய்க் கதவைத் திறப்பாள். "எப்பப் பார்த்தாலும் பெருக்கிட்டே இருக்கீங்களே" என்று எதிர்வீட்டுக்காரி மெச்சினாள். ஊசியக்கா வீட்டுத் தூசிக்குத்தான் தெரியும் உண்மை.

மூன்று மாதத்தில் சட்டைக்காரனை அடித்து நொறுக்கிவிட்டாள். பொம்மையை அடித்து அலுத்துப்போயிற்று. மனுஷனை அடிக்க ஆசை வந்தது.

கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று உண்டு. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்தச் சண்டை ஆட்டக்காரர்கள் கூடுவார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். வீட்டுக்காரரிடம் தையல் வகுப்புக்குப் போகிறேன் என்றாள். "நல்லது, போயிட்டு வா" என்றார் அந்த நல்ல மனுஷன். அந்த 'நல்லது' முள்ளாகக் குத்தியது. குத்தினாலும் போனாள்.

மாடியில் ஆறு டிவி, இருபது முப்பது நாற்காலி, சாக்ஸ் நாற்றம். வாசலில் நின்றவளைப் பார்த்து ஒருவன் எழுந்து வந்தான்.

"யாரைத் தேடுறீங்க ஆன்ட்டி? உங்க பையன் பேரைச் சொல்லுங்க, கூப்பிடுறேன்."

"நான் ஆட வந்தேன்."

ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்கு எட்டுப் பேரோடு ஆடினாள், எட்டுப் பேரிடமும் தோற்றாள். அது வலிக்கவில்லை. ஒவ்வொருத்தனும் கையை இழுத்துப் பிடித்து, பாட்டில் பால் குடிக்கிற பிள்ளையை அடிப்பதுபோல மெதுவாக அடித்தானே, அதுதான் வலித்தது. "சூப்பர் ஆன்ட்டி, நல்லா ஆடுறீங்க ஆன்ட்டி" என்று கை வேறு தட்டினார்கள்.

ஒன்பதாவதாக உட்கார்ந்தவன் மட்டும் தயவு பார்க்கவில்லை. முப்பது வயதிருக்கும், லிஃப்ட் மெக்கானிக். மாடியில் அவனுக்குத் 'தூண்' என்று பெயர். எவன் எப்படி அடித்தாலும் அசையாமல் தடுத்துக்கொண்டே இருந்து, எதிராளி களைத்து ஒரு தப்புச் செய்யும்போது ஒரே அடி அடிப்பான். எல்லோரும் சின்னக் கண்ட்ரோலரைக் கையில் பிடித்து ஆட, அவன் மட்டும் மரப்பலகையில் கைப்பிடியும் பட்டன்களும் தானே பொருத்திய ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவான். ஊசியக்காவை ஐம்பது நொடியில் துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டான். பிறகு சொன்னான்:

"அடிக்கிறதுக்கு முன்னாடி நாக்கைக் கடிக்கிறீங்கக்கா. தெரிஞ்சு போயிடுது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆன்ட்டி என்று அழைக்காத முதல் ஆள். ஆளாக மதித்து அடித்த முதல் ஆளும் அவன்தான்.

அப்புறம் அவள் விடவில்லை. அவளுக்கென்று ஒரு வித்தை இருந்தது. ஊசி குத்துமுன் மனுஷன் மூச்சைப் பிடிப்பான். பெரிய அடி அடிக்குமுன்னும் பிடிப்பான். டிவியைப் பார்க்கும் கண்ணின் ஓரத்தில் பக்கத்து நாற்காலிக்காரனின் தோளையும் பார்த்துக்கொள்வாள். தோள் ஏறி இறங்குவது நின்றதா, உடனே ஒரு சின்னக் குத்து. பெரிய அடிக்காரர்கள் எல்லாம் சின்னக் குத்தில் சரிந்தார்கள். "ஊசியக்கா" என்ற பெயர் அங்கேதான் வந்தது. பட்டம் வாங்கினவளைப்போல அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வீடு வருவாள். வரும் வழியில் கடையில் ஒரு தலையணை உறை வாங்கி, வகுப்பில் தைத்தது என்று வீட்டுக்காரரிடம் கொடுப்பாள். அவர் தையலைத் தடவிப் பார்த்து, "மெஷின்ல அடிச்ச மாதிரியே இருக்கே" என்று பூரிப்பார்.

அந்த வருஷம் மாடியில் பெரிய போட்டி வந்தது. ஜெயிக்கிற ஒருத்தர், வெளியூரில் நடக்கும் பெரும் போட்டிக்கு மாடியின் சார்பில் போகலாம். தூண் நாலு வருஷமாக அந்த இடத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் சறுக்குவான்.

தொடங்குமுன் கடைக்காரர் இரண்டு விதிகளைச் சத்தமாகப் படித்தார். நடு ஆட்டத்தில் யார் ஆட்டத்தை நிறுத்தும் பட்டனை அமுக்கினாலும் அந்த ரவுண்டு அவர் தோற்றதாகக் கணக்கு. அடுத்தது, வயர் இல்லாத கண்ட்ரோலர்காரர்கள் ஆடி முடித்ததும் கேம் பெட்டியோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும். "பையில போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா, அது அங்கேருந்தே எவன் ஆட்டத்தையாவது நிறுத்தும். பேய் மாதிரி. ஞாபகம் வைங்க."

ஊசியக்கா இரண்டு பேரை வென்றாள். மூன்றாவது ஆட்டம் பெரிய டிவியில், இரண்டாம் எண் நாற்காலியில். மயிரிழையில் தோற்றாள். முகம் காந்த எழுந்தாள். கண்ட்ரோலரைப் பையில் போட்டாள், பையைத் தோளில் போட்டாள், பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். இணைப்பை எடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் தூணுக்கும் ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கும். குமாஸ்தாவுக்குப் 'பூகம்பம்' என்று பெயர். ஆடும்போது காலை ஆட்டி வரிசையையே நடுங்கவைப்பான். தூண், ஊசியக்கா எழுந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று ரவுண்டு எடுக்கிறவருக்கு வெற்றி. ஆளுக்கு இரண்டு எடுத்தாயிற்று. கடைசி ரவுண்டு. பூகம்பத்தின் ஆளுக்கு உயிர் நூலளவுதான் பாக்கி. தூண் தடுத்தான், தடுத்தான், தடுத்தான். பூகம்பத்தின் தோள் நிற்பதை ஊசியக்கா பின்வரிசையிலிருந்தே பார்த்துவிட்டாள். "இப்பத்தான், இப்பத்தான், அடிடா ராசா" என்று முணுமுணுத்துப் பையை மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

திரை நின்றுபோயிற்று. நடுவில் ஒரு கட்டம். அதில் இரண்டு என்ற எண்.

"டேய், யாருடா?"

"ரெண்டாம் பக்கம். தூண் அமுக்கிட்டான்."

"நான் அமுக்கலண்ணே" என்றான் தூண். "சத்தியமா அமுக்கல."

கடைக்காரர் நியாயஸ்தர். எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "வயர் இல்லாத கண்ட்ரோலர் வச்சிருக்கிறவங்க பையைத் திறந்து பாருங்க. லைட் எரிஞ்சா சொல்லுங்க. கொலைக்குத்தம் ஒண்ணும் இல்ல. ரவுண்டைத் திரும்ப ஆடிக்கலாம்."

ஜிப்புகள் திறந்தன. ஊசியக்காவும் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில், நீலமாய், தண்ணீருக்குள் எரிகிறதுபோல ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சொல்ல வாயைத் திறந்தாள். இதைச் சத்தியமாக நம்பலாம், வாயைத் திறந்தாள். அதே நேரத்தில் முன்வரிசையில் ஒருத்தன், "எங்க அம்மா இப்படித்தாண்ணே, ரிமோட் மேல உட்கார்ந்துட்டு சேனல் மாறுது, டிவிக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு கத்துவாங்க" என்றான். மாடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளைப் பற்றியது இல்லை. இன்னும் ஒரு நொடியில் அவளைப் பற்றியதாக ஆகியிருக்கும். ஒரு வருஷம் குத்திக் குத்திச் சம்பாதித்த அக்கா, மறுபடி ஆன்ட்டி ஆகியிருப்பாள்.

கைக்குட்டையை விளக்கின் மேல் போட்டாள். உள்ளேயே பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, உங்களது?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா."

ஊசிமுனையளவு சொல். அவ்வளவு சுத்தமாக, கை நடுங்காமல், அவள் தொழிலில் குத்துவதைப் போலவே குத்தினாள்.

பூகம்பம் நல்லவன். "எனக்கு இப்படி ஜெயிக்க வேணாம், திரும்ப ஆடலாம்" என்றான். தூண் கேட்கவில்லை. மடியிலிருந்த பெட்டியையும் தன் வலது கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாருதும் இல்லன்னா என்னுதுதான். நானே அமுக்கியிருப்பேன். எனக்குத் தெரியல. விதி விதிதான்." எழுந்து பூகம்பத்துக்குக் கை கொடுத்தான். வயரைச் சுருட்டினான். படியிறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பூகம்பம் வெளியூர் போய், முதல் சுற்றிலேயே நாலு நிமிஷத்தில் உதைபட்டுத் திரும்பிவந்தான். தூண் வரவேயில்லை. ஊசியக்கா வந்தாள், ஆடினாள். ஆனால் பக்கத்துத் தோளைப் பார்க்க முடியவில்லை. தோளைப் பார்த்தால் மூச்சு தெரிந்தது, மூச்சு தெரிந்தால் அந்தக் கடைசி ரவுண்டு தெரிந்தது. கண்டவனிடம் எல்லாம் தோற்றாள். 'அவனுக்கு வேலை அதிகமாக இருக்கும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொல்லிப் பழகிய வாய்க்குக் கேட்கிற காது தன்னுடையதாக இருந்தால் என்ன!

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கூடக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் வருகிறார் என்றதும் வேலையை விட்டுவிட்டு லிஃப்ட் வாசலில் போய் நின்றாள். வந்தவர் வேறு ஆள், நரைமீசைக்காரர். வாயைக் கட்டிக்கொண்டிருக்கக் கூடாதா? கேட்டுவிட்டாள்.

"உங்க கம்பெனியில ஒரு தம்பி இருப்பாரே, உயரமா..."

"அவனா? தங்கமான வேலைக்காரன். இப்ப ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுக்கிறான்."

"ஏன், அடிகிடி பட்டுடுச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவனாவே கேட்டு வாங்கிட்டான். ஏதோ விளையாட்டுல அவன் கை அவனுக்கே தெரியாம பட்டனை அமுக்கிடுச்சாம். நாங்க லிஃப்ட் மேல நின்னுகிட்டுத்தான் வேலை பார்க்கிறோம், பார்த்துக்குங்க. ஒரு பட்டன் தப்பா அமுக்கினா கூட நிக்கிறவன் கூழாயிடுவான். 'என் கையை நம்பி இன்னொருத்தன் உயிரை வைக்கமாட்டேண்ணே'ன்னு சொல்லிட்டான். கிறுக்குப் பய."

அன்று அவள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே கையில் மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. குத்துப்பட்ட பெரியவர், "பரவாயில்லம்மா, பதறாம எடு" என்றார். ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தாள்.

"என்னங்க, நான் தையல் வகுப்புக்குப் போகல."

"தெரியுமே" என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டே. "மூணாவது தலையணை உறையில விலைச்சீட்டு ஒட்டியிருந்துச்சு. நாலாவதுல கம்பெனி பேரே தச்சிருந்துச்சு. நீயாச் சொல்லுவன்னு பார்த்தேன்."

கேமைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்து, புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு மறுபடி சிரித்தார். "பொம்மைச் சண்டையா! நான்கூட உனக்கு ஏதோ பெரிய வியாதி, மறைச்சுக்கிட்டு வைத்தியத்துக்குப் போறியோன்னு ராத்தூக்கம் இல்லாம கிடந்தேன்!" அந்தச் சிரிப்பில் நனைந்துபோய் நின்றாள். திட்டியிருந்தால் மிச்சத்தையும் கொட்டியிருப்பாள். மன்னிப்பு, கேட்குமுன்பே வந்து விழுந்துவிட்டது, அதுவும் வேறு குற்றத்துக்கு. மிச்சத்தைச் சொல்லாமலே தேநீர் டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலை முடிந்து நேரே லிஃப்ட் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தூண் இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தான்.

"வாங்கக்கா! லிஃப்ட் மறுபடி மாட்டிக்கிச்சா? உட்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

"அன்னைக்கு அமுக்கினது நீங்க இல்ல தம்பி. என் பையில இருந்த கண்ட்ரோலர். நான் இணைப்பை எடுக்கல."

அவன் முகத்தில் மலர்ச்சி அப்படியே இருந்தது. விஷயம் இன்னும் உள்ளே போகவில்லை. "அப்படியா? எப்பக்கா தெரிஞ்சுது?"

அங்கேதான் ஒரு கதவு திறந்திருந்தது. நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி அந்தக் கதவைப் பார்த்தாள். மூடினாள்.

"அப்பவே. கடைக்காரர் கேட்டாரே, அப்பவே பார்த்துட்டேன்."

"லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. நீலமா. நான்தான் அணைச்சேன்."

போன் அடித்தது. எடுத்தான். யாரோ எங்கேயோ லிஃப்டில் சிக்கிக்கொண்டு கத்துவது வெளியே வரை கேட்டது. "பயப்படாதீங்கம்மா, காத்து வரும், ஒண்ணும் ஆகாது. கதவை மட்டும் தள்ளாதீங்க. ஆளு கிளம்பிட்டாரு, நான் போனை வைக்கமாட்டேன், பேசிட்டே இருக்கேன்" என்றான். பன்னிரண்டு நிமிஷம் பேசினான். அவ்வளவு நேரமும் ஊசியக்கா எதிரே நின்றாள். முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கிடைத்த அந்தக் குளிர்ந்த குரலைக் கேட்டுக்கொண்டே நின்றதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதியும் எழுதியிருக்க முடியாது.

போனை வைத்தான். அவளைப் பார்க்காமல், கட்டைவிரலை மேசை விளிம்பில் அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"பெட்டியில அந்தப் பட்டனையே பிடுங்கிட்டேன்க்கா. வீட்டுல சுவிட்சு போடும்போதுகூட ரெண்டு தடவை பார்க்கிறேன். கேஸ் அடுப்பை அணைச்சிட்டு அம்மாவை வந்து பார்க்கச் சொல்றேன்."

"தம்பி, என்னை..."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? மாடியில சொல்லுங்க. அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே நான் ஒத்துக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மாடி நிறைந்திருந்தது. தூண் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். ஊசியக்கா நடுவில் போய் நின்று சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் பிறரை மூச்சு இழுக்கச் சொன்னவளுக்கு அன்று மூச்சு இழுக்கத் தெரியவில்லை. சொற்கள் பாதியில் அறுந்தன. ஆனால் அணைத்ததையும், கைக்குட்டை போட்டதையும், "இல்லப்பா" என்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

"ச்சே, என்ன ஆன்ட்டி நீங்க" என்றான் ரிமோட் கதை சொன்னவன். கேலியாகக்கூட இல்லை. வருத்தமாக.

கடைக்காரர் தாடையைத் தடவினார். "மூணு மாசம் ஆடவேணாம்க்கா. மறந்ததுக்கு இல்ல. கேட்டப்ப இல்லன்னீங்களே, அதுக்கு." தலையை ஆட்டினாள். ஆறு மாதம் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

பூகம்பம் எழுந்து பெரிய டிவியைப் போட்டான். "அந்தக் கடைசி ரவுண்டு எனக்கு வேணாண்ணே. வாங்க, ஆடிடுவோம். போட்டி முடிஞ்சுபோச்சு, இருக்கட்டும். ரவுண்டு பாக்கி இருக்குல்ல."

கடைக்காரர் தூணுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தார். நிறுத்தும் பட்டன் உள்ள பெட்டி. தூண் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். அதே இரண்டாம் நாற்காலி. ஊசியக்கா சுவரோரமாக, இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியே தொங்கவிட்டு நின்றாள்.

தூண் தடுத்தான், தடுத்தான். பூகம்பத்தின் காலாட்டலில் நாற்காலிகள் தடதடத்தன. கடைசியில் தூண் ஒரு அடி அவசரப்பட்டான். பூகம்பம் அந்த இடைவெளியில் புகுந்து அடித்துச் சாய்த்துவிட்டான்.

தூண் தோற்றான். யாரும் எதையும் நிறுத்தவில்லை, எந்தப் பேயும் வரவில்லை, சுத்தமாகத் தோற்றான். மாடி "அய்யோ" என்றது. அவன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தான். சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"இது நான் தோத்தது" என்றான். "சீக்கிரம் அடிச்சேன். எனக்கே தெரிஞ்சுது, சீக்கிரம் அடிச்சேன்." பிறகு கடைக்காரரிடம், "நாளைக்கு லிஃப்ட் மேல ஏறுறேன்னு ஆபீஸ்ல சொல்லிடுறேண்ணே" என்றான்.

பூகம்பம் அவன் முதுகில் ஒன்று வைத்தான். ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். ஊசியக்காவும் ஒரு அடி எடுத்துவைத்தாள், நின்றுவிட்டாள். அவன் வாசலுக்குப் போகும் வழியில்தான் அவள் நின்ற சுவர் இருந்தது. கைநீட்டினால் தொடும் தூரத்தில் கடந்துபோனான். அவள் பக்கம் திரும்பவில்லை.

படி முனையில் நின்று, "வரேன்" என்று பொதுவாகச் சொன்னான்.

"வாங்கண்ணே, வாங்க" என்றது மாடி.

அந்த வார்த்தையில் தனக்கும் ஒரு துளி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவன் செருப்புச் சத்தம் கடைசிப் படி வரை இறங்கித் தெருவில் கலந்த பிறகு, "வாங்க" என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.